மூல வீட்டுச் சட்னி

"எங்கூட்டு உள்ளாளு உங்க புள்ள வயித்துக்குள்ள எப்படீங்க வந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல. தட்டு மாத்தறதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

"வார்த்தைய அளந்து பேசுங்க சம்மந்தி. ஒறம்பர அத்தன பேரும் பாத்துட்டிருக்கறாங்க."

"சம்மந்தி இன்னும் ஆகலைங்க. ஆகறதுக்கு முன்னாலயே உங்க மக என்ற பையனுக்கு ஊட்டி உட்டு, அவன் கையால வாங்கியும் தின்னிருக்கறா. எச்சக்கை படாம ஒரே கிளை எப்படீங்க வரும்?"

கத்தியவர் பிரியதர்ஷினி அக்கா. மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் பி பிளாக்கின் மூல வீட்டுக்காரி. பதில் சொன்னவர் நந்தகுமார். பெண்ணின் அப்பா, எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே சோலை மெஸ் நடத்துகிறவர். அக்கா வீட்டுக் கூடத்தில் இருவருக்கும் நடுவே பட்டுத்துணி விரித்து இரண்டு தாம்பாளங்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பக்கத்தில் ஆளுக்கொரு வெள்ளி டப்பா. டப்பாவின் மூடியில் குங்குமப் பொட்டு. உள்ளே மலம். ஒன்றில் பெண்ணுடையது, இன்னொன்றில் மாப்பிள்ளையுடையது.

முகம் சுளிக்க வேண்டாம். முன்பெல்லாம் பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுவார்களாம். இப்போது பதினோராவதாகக் குடல் பொருத்தம் வந்துவிட்டது. டப்பா மாற்றாமல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம் கிடையாது. அதற்கென்று வெள்ளிக்கடையில் தனி அலமாரியே இருக்கிறது.

இது எப்படி வந்தது என்றால், நம் அம்மாக்கள் காலத்தில் இருமினால் ஒரு மாத்திரை, தும்மினால் ஒரு மாத்திரை என்று விழுங்கி விழுங்கி, குடலைப் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் சர்க்கரை, வயிற்றெரிச்சல், காரணமில்லாத அழுகை என்று ஆளுக்கொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. யாருக்கு வரவில்லை என்று ஆராய்ந்தபோது, குடலில் ஒரு வகை ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடியிருந்தவர்களுக்கு மட்டும் வரவில்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு செல். கையும் இல்லை, காலும் இல்லை. அதுவரை அதைத் திட்டி, மருந்து கொடுத்துத் துரத்தியவர்கள்தான், மவுசு வந்ததும் 'உள்ளாள்' என்று மரியாதையாகப் பெயர் மாற்றினார்கள்.

அந்த உள்ளாள் ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குக் குடிபோகும்போது அதன் உடம்பில் ஒரு சின்ன மாற்றம் நேருமாம். அதற்கு வடு என்று பெயர். வடுக்களை வைத்து, எந்த வயிறு கொடுத்தது, எந்த வயிறு வாங்கியது என்று சொல்லிவிடலாம். நோய் பரவும் வழியைப் பார்க்கத்தான் யாரோ பாவம் இதைக் கண்டுபிடித்தார்கள். நாம் அதை வைத்துச் சம்பந்தம் பார்த்தோம். ஒரே உள்ளாள் என்றால் ஒரே கிளை. ஒரே கிளை என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. வேறு கிளை என்றால் எடுக்கலாம். ஆனால் பெண்ணானவள் கழுவல் மருந்து குடித்து, பிறந்த வீட்டு உள்ளாளை அழித்துவிட்டு வர வேண்டும். முகூர்த்தத்தன்று மாமியார் கை கழுவாமல் பிசைந்த ஓர் உருண்டைச் சோற்றை மருமகள் வாயில் வைப்பார். கெட்டிமேளம் கொட்டுவார்கள். அத்தோடு அவள் புகுந்த வீட்டுக் கிளை.

கழுவல் மருந்து குடித்த மருமகள்களை நான் பார்த்திருக்கிறேன். ஏ பிளாக் ஸ்ருதி கல்யாணமாகி வந்தபோது அவளுடைய வளையல்கள் கையில் நிற்கவில்லை. நூல் சுற்றிப் போட்டிருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகும் அவளுக்கு ஒரு தோசை முழுதாக இறங்கியதில்லை. "பொண்ணு ஒல்லியா அழகா இருக்கா" என்று அவள் மாமியார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் நந்தகுமாரின் மகள் மகிழினி, துருவனிடம் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "கட்டிக்கறேன், ஆனா கழுவ மாட்டேன்." அவனும், "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன் மகி" என்று வாக்குக் கொடுத்திருந்தான். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என் காதில் விழுந்தது. லிஃப்ட் அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை. நானும் பொத்தானை அழுத்தவில்லை.

இந்தச் சம்பந்தத்துக்குப் பிரியதர்ஷினி அக்கா ஒத்துக்கொண்டதே எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்தான். அவர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு போகிறவர். "எங்கூட்டுக் கிளை தோட்டத்துக் கிளைங்க, ஏழு தலமொறையா வெளிக்கை படாதது" என்று லிஃப்டில் ஏறுகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவருடைய கொத்தமல்லிச் சட்னி எங்கள் பிளாக்கில் பிரசித்தம். ஆடி நோன்பு, கார்த்திகை, பிறந்தநாள், எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு டப்பா வந்துவிடும். "நானே அம்மியில அரைச்சதுங்க" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளை பார்க்கிற லோகேஷ் வந்து, பி பிளாக்கில் எல்லார் வயிற்றையும் பார்த்தான். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே கிளை, அதுவும் அருமையான கிளை. எங்கள் பிளாக்கில் சர்க்கரை இல்லாததற்குக் காரணம் அதுதான் என்றான். "எல்லாரும் பொதுவா யாரூட்ல கை நனைப்பீங்க?" என்று கேட்டான். எல்லோரும் ஒரே குரலில் பிரியதர்ஷினி அக்கா என்றோம். சங்கச் செயலாளர் பிரவீன் அடுத்த வாரமே 'மூல வீடு' என்று பித்தளைப் பலகை செய்து அவர் கதவில் மாட்டிவிட்டார். அதிலிருந்து பொள்ளாச்சி, உடுமலையிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்து, அக்காவின் உள்ளாளைக் குப்பியில் அடைத்து வாங்கிப் போகிறார்கள். குப்பிக்குள் இருப்பது எங்கிருந்து எடுத்தது என்று அவர்களும் கேட்பதில்லை, அக்காவும் சொல்வதில்லை. ஊதுபத்தி ஏற்றிக் கொடுப்பார்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

லோகேஷ் தன் பெட்டி மிஷினோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். படித்தது ரத்தப் பரிசோதனைப் படிப்பு. இப்போது நெற்றியில் பட்டை, கழுத்தில் துண்டு. மிஷின் 'ஒரே கிளை' என்று காட்டியதைச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மிக்சர் தின்றுகொண்டிருந்தான்.

"கண்ணு, நீ ஊட்டி உட்டியா?" நந்தகுமார் மகளிடம் கேட்டார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மெஸ்ஸில் அவர் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் நம்ப மாட்டார்கள்.

"இல்லீங்கப்பா."

"துருவா, நீ சொல்லு" என்றார் பிரியதர்ஷினி அக்கா. "மறைக்காத."

துருவன் ஓசூரில் ஏதோ பெரிய கம்பெனியில் வேலை செய்கிறான். அங்கே நாற்பது பேரை அதட்டுகிறவன் என்று கேள்வி. இங்கே அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் நெளிந்தான். "ஒரே ஒருக்கா... போண்டா பிட்டுக் குடுத்துச்சுங்மா."

கூடமே 'ஆ' என்றது. மகிழினி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாதிக் கல்யாணம் முறிந்துபோயிற்று என்பது என் எண்ணம்.

லோகேஷ் மிக்சரை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "போண்டால வராதுங்க. எண்ணெயில வெந்தா உள்ளாளு செத்துரும். கொதிக்கிற சாம்பார்லயும் வராது. பச்சையா இருக்கோணும். மோரு, பச்சடி, சட்னி. அதும் அரைச்சவங்க கை..." என்று இழுத்து, தாம்பாளத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கை என்னங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"கக்கூஸ் போய்ட்டு வந்து கழுவாத கையா இருக்கோணும்ங்க."

அவ்வளவு பேச்சு, அவ்வளவு பெருமை, அவ்வளவு பித்தளை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிச்சயதார்த்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பெரியவர் இருமினார்.

"போனது போகட்டும்" என்றார் பிரியதர்ஷினி அக்கா, பெருந்தன்மையாக. "பங்காளிக் கிளையோட என்னால மருமக எடுக்க முடியாது. அதுக்கொரு பரிகாரம் இருக்குது. ரெட்டக் கழுவல் பண்ணீரலாம். அடிவேரோட போயிரும். அப்பறம் உடுமலையில ஒரு நல்ல ஊட்டுக் குப்பி வாங்கி மொதல்ல அதக் குடுத்து, பொறவு நான் உருண்ட வெச்சுக்கறேன்."

"ரெட்டக் கழுவலா?" என்று நந்தகுமாரின் மனைவி நெஞ்சில் கைவைத்தாள். ஒரு கழுவலுக்கே ஸ்ருதி அந்தப் பாடு.

மகிழினி துருவனின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்லியிருந்த?"

"மகி... அம்மா சொல்றதும் ஒருவகையில... ஒரு மாசம் கஷ்டப்பட்டா ஆச்சு. நான் லீவு போட்டுட்டு வந்து பாத்துக்கறேன்."

"வந்து என்ன பாப்ப? மெலியறதயா?"

"பெரியவங்க முன்னாடி..."

"சரி" என்று அவள் லோகேஷிடம் திரும்பினாள். "அண்ணா, அந்த டப்பாவ இன்னொருக்கா பாருங்க. நான் ஊட்டவே இல்ல. மிஷினு தப்பா, இல்ல மனுசங்க தப்பான்னு தெரியோணும்."

லோகேஷுக்கு வேறு வழியில்லை. மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து, குச்சியால் தொட்டு, மிஷினுக்குள் வைத்தான். மிஷின் இரைந்தது. அவன் திரையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"அக்கா... இது ஆம்பள வயிறு இல்லீங்களே."

"என்ன?"

"உள்ளாளோட, அந்த ஆளோட குடல் தோலும் சித்த உதிர்ந்து வருமுங்க. அதுல ஆணா பொண்ணான்னு தெரியும். மொதல்ல கிளைய மட்டும் பாத்துட்டு உட்டுட்டனுங்க. இது பொம்பள வயிறு. சித்த வயசானவங்க."

கூடத்தில் இருந்த சித்த வயசான பெண்கள் எல்லோரும் அவரவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிரியதர்ஷினி அக்கா மட்டும் தொடவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆமாங்க. என்றதுதான். அவன் ஓசூர்ல கேண்டீன்ல கண்டதத் திங்கறான். அவன் வயித்த வெச்சு எங்கூட்டுக் கிளைய எடை போடறதா? பெத்தவ வயிறும் புள்ள வயிறும் ஒன்னுதான். எந்தத் தாயும் செய்யறதுதான்."

மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் பல தாய்மார்கள் செய்வதுதான். மகன் வயிற்றை நம்பி மானத்தைப் பணயம் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டது அக்கா மட்டும்.

"அப்படீங்களா அத்தை?" என்றாள் மகிழினி. "அப்ப எனக்கொரு சந்தேகமுங்க. துருவனுக்கு நான் ஊட்டி உட்டேன்னீங்க. டப்பா உங்குளுது. அப்ப உங்களுக்கா ஊட்டுனேன்?"

யாரோ பலமாகச் சிரித்தார்கள். நான் இல்லை. நான் முந்தானையை வாயில் வைத்திருந்தேன்.

பிரியதர்ஷினி அக்கா தடுமாறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "எங்கிருந்து வந்திருக்கும்? என்ற சட்னி ஊரெல்லாம் போகுது. உங்க மெஸ்ஸுக்கும் யாராவது கொண்டாந்திருப்பாங்க. உங்க வயித்துல இருக்கறது என்ற பிச்ச."

"வடுவப் பாத்தா தெரிஞ்சுரும்ல அண்ணா? யாரு குடுத்தது, யாரு வாங்குனதுன்னு?"

லோகேஷ் பார்த்தான். பிறகு, பல்லைப் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி பேசினான். "ரெண்டு வயித்துலயும் ஒரே ஒரு வடுதானுங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் குடுக்கலை. மூணாவது ஒரு வயித்துல இருந்து ரெண்டு பேரும் நேரா வாங்கியிருக்கறீங்க. ஒரு தாய் மக்க மாதிரி."

"அப்ப இவங்க எனக்கு அத்தை இல்லீங்களா?" என்றாள் மகிழினி. "அக்காவா?"

"கிளைக் கணக்குல அப்படித்தானுங்க."

"லோகேஷு!" பிரவீன் பதறினார். "இவுங்க மூல வீடு. இவுங்க வயித்துல வடு எப்படியிருக்கும்? மூலத்துல வடுவே இருக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"அன்னைக்கே ஒன்னு இருந்துச்சுங்க. சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க பித்தளப் பலகைய மாட்டி மாலையும் போட்டுட்டீங்க. அப்பறம் எங்கீங்க சொல்றது?"

கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. சமையலறையிலிருந்து செல்வராணி வெளியே வந்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

செல்வராணி சோலை மெஸ்ஸில் வெகுகாலமாகச் சட்னி, துவையல் அரைக்கிறவள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் வீடு. அன்றைக்கு விருந்துக்கு உதவ மெஸ்ஸிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் நடந்தது எதுவும் மிக்சி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. பிரியதர்ஷினி அக்காவின் காதருகே குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, பொழுதோட சட்னிக் கேரியர எப்பவும்போலப் பின்படியில வெச்சரட்டுங்களா?"

மெதுவாகக் கேட்டது ஊருக்கே கேட்டுவிட்டது. அது அவள் தப்பில்லை.

எனக்கு இது புதிதில்லை. எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை; எங்கள் சமையலறை ஜன்னல் பின்படிக்கட்டைப் பார்த்த மாதிரி அமைந்துவிட்டது. மெஸ்ஸின் பெயரைச் சுரண்டியெடுத்த கேரியர் ஒன்று அந்தப் படியில் வருவதும், கதவு ஒரு சாண் திறப்பதும், ஒரு கை அதை உள்ளே இழுத்துக்கொள்வதும் வருஷக்கணக்காக நடக்கிறது. அக்கா வீட்டு அம்மியில் மணிபிளான்ட் வளர்கிறது. ஆனால் அந்தச் சட்னியைச் சாப்பிட்ட வாயால் எப்படிச் சொல்வது?

"எந்தக் கேரியரு?" என்றார் பிரியதர்ஷினி அக்கா.

"தெனமும் கொண்டாறதுதானுங்க. மல்லிச் சட்னி. நோம்பின்னா பெரிய கேரியரு."

லோகேஷ் எழுந்தான். பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்து, காதில் ஏதோ சொன்னான். வெள்ளி டப்பா மீதம் இருந்தது. அவனுக்குக் கை வரவில்லை போலும். செல்வராணி குளியலறைப் பக்கம் திரும்பியதும், "அங்க இல்ல, கீழ வாட்ச்மேன் பாத்ரூம்ல" என்று அந்த நிலையிலும் பிரியதர்ஷினி அக்கா சொன்னார். வாஷிங் மெஷின் மேல் அவளுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளர் எனக்குத் தெரிந்தது. டம்ளர் தனி, சட்னி பொது.

அவள் கீழே போய் டப்பாவோடு திரும்பி வந்தாள். மிஷின் மறுபடி இரைந்தது.

"வடு இல்லீங்க" என்றான் லோகேஷ். "சுத்தமா இல்ல. மூலம் இவுங்கதான்."

பி பிளாக்கே செல்வராணியைப் பார்த்தது. அவள் ஏதோ திருட்டுப் பழி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "நான் ஒன்னும் எடுக்கலீங்க" என்றாள்.

"எடுக்கலைங்கக்கா, நீங்க குடுத்திருக்கறீங்க" என்றாள் மகிழினி. "இந்த பிளாக்குல ஒருத்தருக்கும் சர்க்கரை வராததுக்கு நீங்கதான் காரணமாமுங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, மெஸ்ஸுக்குப் பின்னால வேலக்காரங்க கக்கூஸ்ல கொழாய் ரிப்பேருன்னு இவங்க எத்தன வருசமாச் சொல்றாங்க? கை கழுவச் சொட்டுத் தண்ணி இல்லாமப் போட்டு வெச்சிருக்கறீங்க."

நந்தகுமாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் வியாபாரி அல்லவா, அடுத்த நிமிஷமே தேறிவிட்டார். "இப்பச் சரி பண்ணுனா கிளை கெட்டுருமேம்மா" என்றார்.

பிரவீன் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அதே! ஒன்னும் மாத்த வேண்டாமுங்க. கொழாயும் அப்படியே இருக்கட்டும், பலகையும் அப்படியே இருக்கட்டும். இது இந்தக் கூடத்த உட்டு வெளிய போச்சுன்னா பி பிளாக்குல ஒரு ஃபிளாட்டு விக்க முடியாது. காலனிக் கிளைன்னு பேராயிரும்."

"நல்ல கிளைன்னுதானய்யா இத்தன நாளாச் சொன்னீங்க?" என்றாள் மகிழினி.

"கிளை நல்லதுதானுங்க. எடந்தான்..."

எல்லோரும் தலையாட்டினோம். ஊர்வம்பு பேசுவதையே தொழிலாக வைத்திருக்கிற எங்கள் பிளாக், வாயே திறக்காமல் காப்பாற்றிய ரகசியம் இது ஒன்றுதான்.

செல்வராணிக்கு மெதுவாகப் புரிந்தது. கோபப்படவில்லை. பிரியதர்ஷினி அக்காவிடம் வந்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க" என்றாள். "எம்பட புள்ள ஆர்த்திக்குப் பொள்ளாச்சியில ஒரு எடம் வந்திருக்குதுங்க. பையன் நல்ல பையன். அவிய கிளை விசாரிக்க இந்தப் பக்கம் வந்தாங்கன்னா, நல்ல கிளைதான், கழுவ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. அவளுக்கு ஏற்கெனவே ஒடம்பு பத்தாது. நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஆகட்டும், பாக்கலாம்" என்றார் பிரியதர்ஷினி அக்கா.

மகிழினி தன் வெள்ளி டப்பாவைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். துருவன், "மகி, இப்ப எல்லாம் சரியாயிருச்சே, நான் வேணா வேற டப்பா..." என்று எழுந்தான்.

"பங்காளியூட்ல எப்படிப்பா கட்டறது?" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி, "வரட்டுங்களா அக்கா?" என்று பிரியதர்ஷினி அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனாள். தேங்காயை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாள் அது எங்கள் பிளாக்கில் சட்னியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது.

துருவனுக்கு அந்த ஐப்பசியிலேயே வேறு பெண் பார்த்துவிட்டார்கள். சேலம் பக்கம், படித்த பெண். ஒழுங்காகக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா கெட்டிமேளத்தோடு உருண்டை வைத்தார். இருவரும் ஓசூரில் இருக்கிறார்கள். மருமகள் இளைத்துக்கொண்டே போகிறாள் என்று கேள்வி.

மகிழினி கோபிக்குப் போய் அங்கே மெஸ்ஸுக்கு இன்னொரு கடை திறந்தாள். முதலில் குழாய், பிறகுதான் அடுப்பு என்று நின்றாளாம். அங்கே ஒரு மாட்டு டாக்டரைக் கட்டிக்கொண்டாள். டப்பா பற்றிப் பேச்சு வந்தபோது, "நான் மாட்டு வயித்த மட்டுந்தானுங்க பாக்கறது" என்று அவர் சொல்லிவிட்டாராம். இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். பார்த்தாலே தெரிகிறது.

பிரியதர்ஷினி அக்கா எங்கும் போகவில்லை. பித்தளைப் பலகைக்கு இப்போது வாரம் ஒரு முறை பாலீஷ். எதிரே சோலை மெஸ்ஸில் பிளம்பர் இன்னமும் நாளைக்குத்தான் வருகிறார்.

பொள்ளாச்சிக்காரர்கள் கிளை விசாரிக்க வந்தார்கள். காலனியில் விசாரித்தால் என்ன தெரியும், மூல வீட்டில் கேட்போம் என்று நேரே எங்கள் பிளாக்குக்குத்தான் வந்தார்கள். அக்கா காப்பி கொடுத்து உட்காரவைத்து, "பொண்ணு தங்கமுங்க. கிளைதான் காலனிக் கிளை. எதுக்கும் கழுவிக் கூட்டீட்டுப் போயிருங்க" என்றார். கையோடு, தன் வீட்டுக் குப்பி ஒன்று போட்டுக்கொண்டால் மேல் என்றும் சொல்லி அனுப்பினார். செல்வராணி அவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாளாம். சிரித்தார்களாம். பலகை அவள் வீட்டுக் கதவில் இல்லையே.

ஆர்த்தி மருந்து குடித்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. பெண் வீட்டுச் செலவில் மூல வீட்டுக் குப்பியைச் செல்வராணியேதான் வந்து வாங்கிப் போனாள். வழக்கம்போலப் பின்படியில் நின்று. முகூர்த்தத்தன்று அந்தக் குப்பியைச் சோற்றில் கலந்து மகள் வாயில் வைத்தார்கள். அப்புறம் லோகேஷ் பார்த்தானாம். தாயிடமிருந்து வந்தது என்று அழித்தார்களே, அதே உள்ளாள்தான், நடுவில் அக்காவின் வயிற்றில் விழுந்த வடு மட்டும் கூடுதல் என்று என்னிடம் சொன்னான். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான்.

தலைப் பொங்கலுக்கு ஆர்த்தி வந்தாள். தாய் வீட்டில் கை நனைக்கக் கூடாது, பழைய கிளை தொற்றிக்கொள்ளும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காலனிக்குள் கார் போய்விட்டு உடனே திரும்பி, எங்கள் பிளாக் வாசலில் நின்றது. மாப்பிள்ளை மேலே போய், மூல வீட்டுச் சட்னி ஒரு டப்பா வாங்கி வந்து காருக்குள் கொடுத்தான். அரை இட்லிக்கு மேல் இறங்காத பெண் என்று பேர். டப்பாவைத் திறந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பின்படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே சுரண்டிய கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு செல்வராணி நின்றிருந்தாள்.

ஆர்த்தி குனிந்து தின்றாள். டப்பா காலியாகும்வரை கார் கிளம்பவில்லை. அதற்கப்புறம் அவள் பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள்.